குழலுக்குள் ஒரு மெல்லிய பூச்சு

தொழிற்சாலைக்குள் முதல்நாள் காலடி எடுத்து வைத்ததும் பழுத்த வாழைப்பழ வாசனை அடித்தது. யாரோ கூடையோடு பழம் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். "அது பழம் இல்லலா, தின்னரு. ரெண்டு நாள்ல ஒனக்கு வாசமே தெரியாது" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதுபோல் இரண்டு நாளில் மறையவில்லை. இரண்டு மாதம் ஆயிற்று.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பத்தொன்பது வயது. பேராக் மாநிலத்தில், கோப்பெங்குக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். மூன்றாம் பாரத்து எல்.சி.இ. பரீட்சையில் தேறாமல் படிப்பை நிறுத்தி, தோட்டத்துப் பால் ஸ்டோரில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். மரம் வெட்டுகிறவர்கள், அதாவது மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவர்கள், கொண்டுவரும் ரப்பர் பாலை வடிகட்டுவது, கண்ணாடி மிதவையைப் பாலில் விட்டு அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துக் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்வது, இதுதான் என் வேலை. பிறகு நிர்வாகம் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட முடிவெடுத்தது. செம்பனைக்குப் பால் ஸ்டோர் எதற்கு? எங்களை நிறுத்திவிட்டார்கள்.

ஈப்போ பக்கத்தில் டியூப் லைட் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குப் பெண்கள் வேண்டுமென்று ஆள் வந்து சொன்னபோது, அப்பா ஒரே பேச்சில் மறுத்தார். "மதிய ஷிப்டு முடிஞ்சு பொம்பளப் புள்ள எப்படி வீட்டுக்கு வரும்?" அம்மா அரிசி களைந்துகொண்டே, "கம்பெனி பஸ்ஸு வாசல் வரைக்கும் வருதாம். நான் இருட்டோட மரம் வெட்டப் போறப்ப எனக்கு எந்த பஸ்ஸு வந்துச்சு?" என்றார். அடுத்த திங்கட்கிழமை நான் பஸ் ஏறினேன்.

என்னைப் பூச்சுப் பிரிவில் போட்டார்கள். டியூப் லைட்டின் கண்ணாடிக் குழல் உள்ளே வெள்ளையாக இருக்கிறதல்லவா, அந்த வெள்ளையைப் பூசுகிற இடம். ஒருவகை நுண்ணிய பொடியைப் பசையிலும் தின்னரிலும் கரைத்து வைத்திருப்பார்கள். நாங்கள் அதை மாவு என்றுதான் சொல்வோம். நிற்க வைத்த குழலின் உச்சியிலிருந்து மாவு உள்ளே வழிந்து இறங்கும். மிச்சம் அடியில் சொட்டிப் போகும். சூடான காற்று அடித்துக் காயவைத்து, நீளமான சூளைக்குள் அனுப்பினால் பசையெல்லாம் எரிந்துபோய்ப் பொடி மட்டும் கண்ணாடியில் ஒட்டி நிற்கும். அதற்குப் பிறகுதான் இரு முனைகளையும் பொருத்தி, காற்றை உறிஞ்சி, துளி பாதரசம் விட்டு மூடுவார்கள்.

மாவு வழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்தது. காலை ஷிப்டில் ஐந்து பெண்கள், மதிய ஷிப்டில் ஐந்து பெண்கள். நான் மதியம். எங்கள் சூப்பர்வைசர் ஒரு தமிழர், பீடோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து மேலே ஏறியவர். கண்டிப்பானவர். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் அவர் ஒருநாளும் தங்கச்சி என்று திருப்பிச் சொன்னதில்லை.

நான் சேர்ந்து ஒரு வருஷம் இருக்கும். ஒரு நாள் லாரியில் பெட்டி பெட்டியாக விளக்குகள் திரும்பி வந்தன. வாங்கியவர்கள் வெளிச்சம் மங்கல் என்று அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு விளக்கின் முனையிலும் ஷிப்டைக் காட்டும் எழுத்து ஒன்று அச்சடித்திருக்கும். திரும்பி வந்தவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மதிய ஷிப்டின் எழுத்து.

அண்ணன் எங்களை வரிசையில் நிறுத்தினார். "காலையில பூசறவங்க ஒழுங்காப் பூசறாங்க. அதே மிஷினு, அதே மாவு. நீங்கதான் வாயப் பேசிக்கிட்டு அரைகுறையா ஊத்தறீங்க."

"இல்லண்ணே, மாவு மிஷின்ல இருந்து தானா வருது. நாங்க எங்க கொறைக்கிறது?" என்று எங்களில் மூத்த மலாய் அக்கா மலாயில் கேட்டார்.

"பேசாதீங்க. பொடியக் கூட்டச் சொல்லியிருக்கேன். இனிமே தடிப்பா விழட்டும்."

பொடியைக் கூட்டினார்கள். குழல்கள் சூளையிலிருந்து சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெள்ளை வெளேரென்று வந்தன. எல்லோருக்கும் திருப்தி. மாதம் ஒன்று கழித்து மறுபடியும் லாரி வந்தது. இம்முறை பெட்டிகள் கூடுதல். பூச்சுப் பிரிவின் மதிய ஷிப்டை முழுசாக மாற்றப்போகிறார்கள் என்ற பேச்சு கேண்டீனில் அடிபட்டது. மாற்றுவது என்றால் வேலையை விட்டு நிறுத்துவது என்று எங்களுக்குத் தெரியும். எங்களில் ஒருத்திக்குக் கைக்குழந்தை. அவள் அன்று சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

எனக்குப் பயம் இருந்தது. கூடவே எரிச்சலும் இருந்தது. செய்யாத தப்புக்குத் தலை குனிந்து நிற்கிற எரிச்சல். அந்த எரிச்சலில்தான் நான் மாவை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். மூன்று மணி வெயிலில் தகரக் கூரை கொதிக்கும்போது, குழலின் அடியிலிருந்து மாவு சொட்டி முடிய அதிக நேரம் பிடித்தது. சொட்டுகள் பெரிதாக, சோம்பலாக விழுந்தன. தொட்டியில் எட்டிப் பார்த்தேன். ஓரத்தில் மெல்லிய ஆடை கட்டியிருந்தது.

இதை நான் பார்த்திருக்கிறேன். பால் ஸ்டோரில் வெயிலில் திறந்து வைத்த வாளியில் ரப்பர் பால் இப்படித்தான் ஆடை கட்டும். காலையில் வந்த பாலும் மத்தியானம் வந்த பாலும் ஒன்றாக இருக்காது. அதனால்தான் ஒவ்வொரு வாளிக்கும் தனித்தனியாக மிதவை விடுவோம். இங்கே காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு தடவை மாவின் கெட்டியைப் பார்க்கிறார்கள். பிறகு மூடியில்லாத தொட்டியிலிருந்து நாள் முழுக்கத் தின்னர் ஆவியாகிப் போய்க்கொண்டிருக்கிறது. மதிய ஷிப்டுக்கு வருவது வேறு மாவு.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை முழுசாகச் சொல்லவிடவில்லை. "நீ என்னா, கெமிஸ்டா? மாவு கெட்டியா இருந்தா பொடி கூட விழும். பொடி கூட விழுந்தா வெளிச்சம் கூடத்தானே வரணும்? ஏன் மங்குது? சொல்லு."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பஸ்ஸில் வீடு திரும்பும்போதெல்லாம் அதே கேள்விதான் மண்டைக்குள் ஓடியது.

சோதனை அறையில் ஒரு சீனப் பெண் வேலை பார்த்தாள். என் வயதுதான். ஐந்தாம் பாரம் முடித்தவள். எனக்கும் அவளுக்கும் பொதுவான மொழி மலாய். என் மலாய்க்காகப் பரீட்சையில் என்னைத் தோற்கடித்தார்கள், அவளிடம் பேசும்போது மட்டும் அது தடங்கலில்லாமல் வந்தது. தேநீர் இடைவேளையில் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடியில் ஓட்டை உள்ள ஒரு சின்ன உலோகக் கிண்ணத்தை எடுத்துக் காட்டினாள். அதில் மாவை நிரப்பி, ஓட்டை வழியாக ஒழுகி முடிய எத்தனை நொடி என்று எண்ண வேண்டும். நொடி கூடினால் மாவு கெட்டி.

"தினமும் இடைவேளைக்கு மாவு கொண்டு வா. எண்ணிப் பார்ப்போம்" என்றாள்.

ஒரு வாரம் எண்ணினோம். காலை ஷிப்டில் அவள் எண்ணி வைப்பாள், மதியம் நானும் அவளும் எண்ணுவோம். பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். காலையில் ஒரு எண், இரண்டு மணிக்கு அதைவிடப் பெரிது, நாலு மணிக்கு இன்னும் பெரிது. மழை பெய்த ஒரு நாள் மட்டும் அவ்வளவு ஏறவில்லை. நான் நினைத்தது சரிதான். ஆனால் அண்ணனின் கேள்வி அப்படியே நின்றது. கெட்டியாகப் பூசினால் ஏன் மங்க வேண்டும்?

"பூசிப் பார்த்துவிடலாம்" என்றாள் அந்தச் சீனத் தோழி.

புதுப் பொடி வந்தால் சோதிப்பதற்காகக் கையால் ஊற்றிப் பூசும் சட்டம் ஒன்று அவள் அறையில் இருந்தது. அதில் ஐந்து குழல்களுக்குப் பூசினோம். ஒன்றுக்கு நீர்த்த மாவு, அடுத்ததற்குக் கொஞ்சம் கெட்டி, அடுத்ததற்கு இன்னும் கெட்டி. சூளையிலிருந்து வந்ததும் எடை போட்டு, மெழுகுப் பென்சிலால் ஒன்று முதல் ஐந்து வரை குறித்தோம். எங்கள் பிரிவுப் பெண்கள் அவற்றை மற்ற குழல்களோடு வரிசையில் அனுப்பினார்கள். கடைசியில் மூடி பொருத்துமிடத்தில் மலாய் அக்காவின் தங்கை இருந்தார். அவர் ஐந்தையும் தனியாக எடுத்துத் துணியில் சுற்றி வைத்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைத்திருக்காது.

சோதனை அறையில் ஆள் உயரத்துக்கும் மேலான ஓர் உருண்டை உண்டு. உள்ளே முழுக்க வெள்ளை. அதற்குள் விளக்கை எரியவிட்டு மூடினால், எல்லாப் பக்கமும் போகிற வெளிச்சத்தைச் சேர்த்து வெளியே உள்ள மீட்டர் முள் காட்டும். முதல் விளக்கைப் போட்டோம். முள் ஓரளவு நகர்ந்தது. இரண்டாவது, கூடுதல். மூன்றாவது, இன்னும் கூடுதல். அண்ணன் சொன்னதுதான் சரியோ என்று நினைத்தேன். நான்காவதை மாட்டினோம். முள் மூன்றாவதன் இடத்துக்குப் போகவே இல்லை. ஐந்தாவது, எல்லாவற்றிலும் வெள்ளையான குழல், இரண்டாவதைவிடக் கீழே நின்றது.

தோழி மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். "தப்பா மாட்டிட்டோமோ?" ஐந்தையும் மறுபடி முதலிலிருந்து போட்டோம். அதே கதை.

மூன்றாவது தடவை போட்டுக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. உற்பத்தி மேனேஜர். ஈப்போக்காரர், சீனர், அதிகம் பேசாதவர். பூச்சுப் பிரிவு உடையில் நான் சோதனை அறைக்குள் நின்றதைப் பார்த்தார். பிறகு மீட்டரைப் பார்த்தார்.

"இங்கே என்ன நடக்கிறது?" என்று மலாயில் கேட்டார்.

தோழி என்னைப் பார்த்தாள். நான் நோட்டை நீட்டினேன். அவர் நின்றபடியே பின்பக்கத்திலிருந்து வாசித்தார். "இந்த எண்களை யார் எழுதியது?"

"நான்தான் சார்."

"மாவைப் பார்க்க வேண்டுமென்று உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். தோட்டத்துல ரப்பர் பாலு இப்படித்தான் கெட்டியாகும்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஐந்து விளக்குகளையும் தன் கையாலேயே மாட்டினார். முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். எங்களையும் உட்காரச் சொன்னார். ஒரு காகிதத்தில் குழலின் குறுக்குவெட்டை வரைந்து காட்டினார். குழலுக்குள் பாதரச ஆவி தருவது கண்ணுக்குத் தெரியாத ஒளி. அது பொடியில் பட்டால்தான் வெள்ளை வெளிச்சமாக மாறும். பூச்சு மெலிந்துபோனால் அந்த ஒளியில் கொஞ்சம் பொடியில் படாமலே வீணாகும். தடித்துப்போனால், உள்பக்கத்துப் பொடி உண்டாக்கின வெளிச்சத்தை வெளிப்பக்கத்துப் பொடியே மறித்துக்கொள்ளும். "நான் இதைப் படித்திருக்கிறேன். படித்துவிட்டுத்தான் பொடியைக் கூட்டச் சொன்ன காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்" என்றார். அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல இருந்தது.

இப்போது வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்குகளுக்குள்ளும் ஒரு நீல ஒளியை வெள்ளையாக்குவது அதன்மேல் பூசிய பொடிதான் என்று என் மகன் சொன்னபோது, எவ்வளவு தடிப்பு என்றுதான் முதலில் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஷிப்டு மாறும் நேரத்தில் இரு ஷிப்டுகளையும் ஒன்றாக நிற்கச் சொன்னார்கள். மேனேஜர் ஒரு பெட்டிமேல் ஏறி நின்றார். மதிய ஷிப்டின்மேல் தப்பில்லை, தப்பு மூடியில்லாத தொட்டியிலும் தன்னுடைய உத்தரவிலும் என்று சொன்னார். இரண்டே வாக்கியம். கைக்குழந்தைக்காரி என் கையைப் பிடித்து நசுக்கினாள். தொழிற்சாலையில் ஒரு மேனேஜர் தன் தப்பை வாய்விட்டுச் சொன்னதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பின்னாலும் ஒன்றிரண்டு முறைதான்.

தொட்டிக்கு மூடி வந்தது. தின்னர் சொட்டுச் சொட்டாகச் சேர ஒரு குழாய் வந்தது. மணிக்கொரு தடவை கிண்ணத்தில் மாவை எண்ணுவது பூச்சுப் பிரிவின் வேலையானது. பொடி முன்பைவிடக் குறைவாகச் செலவானது, அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் கூடியது. லாரி திரும்பி வருவது நின்றது.

அண்ணன் பத்து நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பதினோராவது நாள் இடைவேளையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலம் ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு நின்றார். "பசியாறு" என்றார். பிறகு, "எனக்கும் மேல இருந்து திட்டு விழுந்துச்சு. தோட்டத்துல இருந்து வந்தவன், ஆளுங்கள மேய்க்கத் தெரியலன்னாங்க. அதான் ஒங்க மேல பாஞ்சுட்டேன். மனசுல வச்சுக்காத தங்கச்சி."

"அந்தக் கிண்ணத்துல எண்றது எப்படின்னு ஒங்களுக்குக் காட்டட்டுமாண்ணே?"

"காட்டுலா. அதுக்குத்தானே வந்தேன்" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

மேனேஜர் என்னைச் சோதனை அறைக்கு எடுக்க விரும்பினார். ஆனால் அங்கே வேலை செய்ய ஐந்தாம் பாரச் சான்றிதழ் வேண்டும் என்று ஆபீஸ் சொல்லிவிட்டது. தனியாகப் பரீட்சை எழுதலாம் என்று தோழிதான் விசாரித்து வந்தாள். தவறிப்போன எல்.சி.இ.யை முதலில் முடித்தேன். அடுத்து ஐந்தாம் பாரம். ஞாயிறுதோறும் காலையில் வீட்டு வேலை முடித்துப் பத்து மணிக்கு ஈப்போ போய், அவள் வீட்டுக் கடைக்குப் பின்னாலிருந்த மேசையில் இருவரும் உட்காருவோம். அவள் எனக்குக் கணக்குச் சொல்வாள். அவளும் தொழில்நுட்பச் சான்றிதழுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் மனப்பாடம் செய்ததை நான் புத்தகத்தை வைத்துச் சரிபார்ப்பேன். முதல் தடவை கணக்கில் கோட்டை விட்டேன். முடிவு வந்த அன்று அழுதேன். அப்பா அழாதே என்றெல்லாம் சொல்லவில்லை. "அடுத்தது எப்ப?" என்று மட்டும் கேட்டார். அடுத்த தடவை எழுதப் போன காலையில் மழை பிடித்துக்கொண்டது. அப்பா வேலைக்குப் போகாமல் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்து, வாழையிலையைத் தலைக்குப் பிடிக்கச் சொல்லிப் பஸ் நிற்குமிடம்வரை மிதித்தார். தேறினேன்.

சோதனை அறையில் நான் சேர்ந்த பிறகு வந்த வருஷங்கள் பேராக்குக்குச் சிரமமானவை. ஈய விலை விழுந்து, ஈயம் தோண்டும் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. எங்கள் பஸ்ஸில் வரும் பெண்களின் வீடுகளில் ஆண்கள் சும்மா இருந்தார்கள். எங்கள் தொழிற்சாலையும் தள்ளாடியது. அப்போதுதான் புதுவகைப் பொடி வந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்தில் ஒளிரும் பொடிகளின் கலவை. குறைந்த மின்சாரத்தில் ஒல்லியான குழலில் நல்ல வெளிச்சம் தரும். ஆனால் விலை எட்டாத உயரம். குழல் முழுக்க அதையே பூசினால் விளக்கை யாரும் வாங்க முடியாது. பழைய பொடியை முதலில் பூசி, அதன்மேல் உள்பக்கமாகப் புதியதை மெலிதாகப் பூசினால் போதும் என்று வெளிநாட்டிலிருந்து குறிப்பு வந்தது. எவ்வளவு மெலிதாக, நம்ம ஊர் வெயிலில் எப்படி, என்று அதில் இல்லை.

அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு எட்டு மாதம் ஆயிற்று. இரண்டாவது மாவு முதல் பூச்சைக் கரைத்துக்கொண்டு வழிந்தது. கீழ்ப்பாதியில் சேறுபோல் சேர்ந்தது. சூளையில் உரிந்து விழுந்தது. தோழி பூச்சை எடை போடுவாள், நான் மாவைப் பார்ப்பேன், அண்ணன் காற்றின் சூட்டைக் கூட்டிக் குறைப்பார். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றினோம். அண்ணன் ஒருநாள், "இந்த ஜென்மத்துல இது ஒட்டாது" என்று சொல்லிவிட்டு, பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, "காத்த மேல இருந்து அடிக்கறோமே, கீழ இருந்து மெதுவா அடிச்சா?" என்றார். அடித்தோம். அன்றைய குழல்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வந்தன.

உருண்டையில் முள் நின்ற இடத்தை மூன்று பேரும் ஆளுக்கொரு தடவை வாசித்தோம். பிறகு அந்த விளக்கைக் கழற்றிக் கூரையில் மாட்டினோம். அறையில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு இதை மட்டும் எரியவிட்டோம்.

பழைய டியூப் லைட்டின் கீழே எங்கள் எல்லோர் முகமும் சாம்பல் பூத்துக் காய்ச்சல்காரர்போல் இருக்கும். அது பழகிப்போய் யாரும் கவனிப்பதில்லை. அன்று தோழி சிவப்புச் சட்டை போட்டிருந்தாள். அது வெயிலில் பார்க்கிற சிவப்பாகவே இருந்தது. அண்ணன் தன் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாருலா, நம்ம நிறம் நம்ம நிறமாவே இருக்கு" என்றார்.

மேனேஜர் வந்து கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, புது வரிசைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டார். பூச்சுக்கு மட்டும் பன்னிரண்டு பேர் என்றேன். அந்த மாதக் கடைசியில் கோப்பெங்கிலிருந்தும் பீடோரிலிருந்தும் பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள். பஸ் போதாமல் கம்பெனி இன்னொரு பஸ் விட்டது.